எட்டாங்கிளாஸின் கைநாட்டு

உருளைக்கிழங்குக் கொட்டகையில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லாருக்கும் அவள் 'எட்டாங்கிளாஸ்'தான். பழி அவள் மேலேயேதான். கிழங்கைப் பெரிசு, நடுத்தரம், விதைக்கிழங்கு என்று பிரித்துப் போடுகிற வேலைக்கு எட்டாம் வகுப்பு எதற்கு? ஆனாலும் சேர்ந்த முதல் நாளே, "நான் எட்டாங்கிளாஸ் பாஸாக்கும்" என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டாள். "அப்படியா? கிழங்குக்கு அது தெரியாதே" என்றான் அவன். கொட்டகையே சிரித்தது. அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பேர். சிரித்தது சுருக்கென்றிருந்தாலும், உண்மையைச் சொல்லப்போனால், அந்தப் பேர் அவளுக்கு உள்ளுக்குள் பிடித்துத்தான் இருந்தது.

பதினோரு வருஷமாகக் குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போயிருந்தது. காலையில் எழுந்து நிமிரவே சுவரைப் பிடிக்க வேண்டும். இடுப்புக்கு அடுத்தபடி அவளைப் படுத்தியது நாத்தனார்.

நாத்தனார் என்றால் புருஷனின் தங்கை. இருந்தது ஒரே வீடு, நடுவில் ஒரு சுவர். பாகம் பிரித்து அந்தச் சுவரை எழுப்பிய வாரத்தில் சாமான்களையெல்லாம் முற்றத்தில் தூக்கி வைத்தார்கள். எட்டாங்கிளாஸின் தகரப் பெட்டி நாத்தனார் பக்கத்து முற்றத்தில் கிடந்தது. இரண்டு நாள் விடாத மழை. பெட்டியைத் திறந்தபோது, எட்டாம் வகுப்புச் சான்றிதழ் ஊறவைத்த காகிதக் கூழாகக் கையோடு வந்தது.

"உன் வாசல்லதானே கிடந்துச்சு, இழுத்து உள்ளே போட உனக்குக் கை இல்லையா?"

"உங்க பெட்டி அண்ணி. நீங்கதான் பாத்திருக்கணும்."

அந்த ஒரு பேச்சோடு சரி. ஏழு வருஷம் ஆகிறது, இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசி. படித்த பள்ளிக்கூடத்துக்குப் போய் நகல் கேட்கலாம் என்றால், அந்தப் பள்ளிக்கூடத்தையே எப்போதோ இழுத்து மூடிவிட்டார்கள். பழைய ஏடுகளைக் கரையான் தின்றுவிட்டதாம். பாழாய்ப்போன கரையானுக்கும் அவள் படிப்புத்தான் கிடைத்தது!

இதில் எரிகிற தீயில் எண்ணெய் மாதிரி, பன்னிரண்டாவது படித்த நாத்தனாருக்கு டீச்சர் பதவி வேறு வந்து சேர்ந்தது. எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு ஊர் ஊராக ஒரு மையம் திறந்தார்கள். இந்த ஊருக்கு இடம் அதே உருளைக்கிழங்குக் கொட்டகை. நாலு மணிக்கு லாரி கிளம்பியதும் பொம்பளைகள் குழாயடியில் கைகால் கழுவிவிட்டு, கிழங்கு அடுக்குகிற பிளாஸ்டிக் கிரேடுகளைக் கவிழ்த்துப் போட்டு உட்காருவார்கள். நகக்கண்ணில் மண் போகாத விரலால் சாக்பீஸைப் பிடித்து 'அ' போடுவார்கள்.

எட்டாங்கிளாஸ் அப்படியே வீட்டுக்குப் போக வேண்டியதுதானே? போகமாட்டாள். குழாயடியில் ஒரு காலை அரைமணி நேரம் கழுவிக்கொண்டு வேடிக்கை பார்ப்பாள். அவள் கண்ணில் அதிகமாகச் சிக்கியது சல்லடைக்காரி.

சல்லடைக்காரிக்கு ஐம்பது தாண்டியாகிவிட்டது. கிழங்கிலிருந்து மண்ணைச் சலிக்கிற பெரிய சல்லடையில் வேலை, குரலும் அந்தச் சல்லடைச் சத்தத்துக்கு மேலே போய்ப் பழகிய குரல். எழுத்துக் கூட்ட வந்த நாளிலிருந்து அவளைக் கையில் பிடிக்க முடியவில்லை. கண்ணில் பட்டதையெல்லாம் படிப்பாள். உரச்சாக்கு, சோப்பு உறை, லாரியின் பின்பக்கம், எதையும் விடமாட்டாள். விரலை வைத்து, ஒவ்வொரு எழுத்தாக ஊர் கேட்கப் படிப்பாள். வரி முடிந்தபிறகுதான் அதன் அர்த்தம் அவளுக்கு வந்து சேரும். வந்ததும், "அடேயப்பா, இதையா எழுதிருக்கான்!" என்பாள்.

"ஈ...ர...மா...ன..."

"ஈரமான இடத்தில் வைக்காதீர்கள்!" என்று குழாயடியிலிருந்து எட்டாங்கிளாஸின் குரல் வரும். "அக்கா, விரலை எடுத்துட்டுப் படி பாப்போம்! இப்படிப் படிச்சா மூட்டைக்குள்ள கிழங்கு முளைச்சிரும்."

"நீ போ எட்டாங்கிளாஸு. எனக்கு வந்ததே இப்பதான், உனக்கென்ன அவசரம்?"

நாத்தனார் திரும்பியே பார்க்கமாட்டாள். கரும்பலகைப் பக்கம் பார்த்தபடி, "நம்ம பாடத்தைப் பாப்போம்" என்பாள். அந்த அமைதிதான் எட்டாங்கிளாஸுக்கு வயிற்றெரிச்சல்.

இப்படியே போயிருக்கும், குழந்தைகள் காப்பகத்தில் உதவியாளர் வேலை என்று அறிவிப்பு ஒட்டாமல் இருந்திருந்தால். நிழலில் வேலை, குனிய வேண்டாம், மாசச் சம்பளம். தகுதி என்று கடைசி வரியில் 'எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்' என்று மட்டும் போட்டிருந்தது. எட்டாங்கிளாஸ் அதை மூன்று தரம் படித்தாள். சான்றிதழே கேட்கவில்லை! அவளுக்காகவே எழுதியது மாதிரி இருந்தது. இன்னொரு சாகுபடிக் காலத்துக்கு இந்த இடுப்பு தாங்காது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். மறுநாளே அரை நாள் லீவு போட்டுவிட்டு ஒன்றிய அலுவலகத்துக்குப் போனாள்.

அங்கே இருந்த குமாஸ்தா பேரைக் கேட்டு, ஊரைக் கேட்டு, ஒரு தடிப் பட்டியலைப் புரட்டினார். புரட்டின விரல் ஒரு இடத்தில் நின்றது.

"உங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாதே."

"யாருக்கு?"

"உங்களுக்குத்தாம்மா. எழுத்தறியாதோர் பட்டியல்ல இருக்கீங்க. ஆறு மாசமா மையத்துல படிச்சிட்டிருக்கீங்க. இதோ கைநாட்டு."

எட்டாங்கிளாஸ் அந்தப் பக்கத்தை எட்டிப் பார்த்தாள். அவள் பேர், அவள் புருஷன் பேர், பக்கத்தில் ஊதா மையில் கொழுத்த பெருவிரல் ரேகை. கோபம் தலைக்கேற, குமாஸ்தாவின் தலைக்கு மேலே சுவரில் இருந்ததையெல்லாம் கடகடவென்று படிக்க ஆரம்பித்தாள். "புகை பிடிக்கக் கூடாது! வரிசையில் நிற்கவும்! உணவு இடைவேளை ஒன்று முதல் இரண்டு வரை!"

"நல்லாத்தான் படிக்கிறீங்க" என்றார் குமாஸ்தா, கொஞ்சம் பின்னால் நகர்ந்து. "ஆனா நீங்க படிச்சா போதாதும்மா. ஏட்டுல மாறணும். ஞாயித்துக்கிழமை உங்க மையத்துல பரீட்சை. எழுதி பாஸ் பண்ணி, அந்தச் சான்றிதழை எடுத்துட்டு வாங்க. செவ்வாய்க்கிழமைதான் கடைசி நாள்."

வீட்டுக்கு வந்த வேகத்தில் அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அவள் புருஷனை ஊரில் 'சரிசரி' என்பார்கள். யார் எதைக் கேட்டாலும் 'சரி சரி' என்பதைத் தவிர வேறு வார்த்தை தெரியாத மனுஷன். சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தவன், அவள் முகத்தைப் பார்த்ததுமே துணியைக் கீழே போட்டான்.

"உன் பெருவிரலைக் காட்டு."

"எதுக்கு?"

"காட்டுய்யா!"

காட்டினான். ஓரத்தில் இன்னும் ஊதா ஒட்டிக்கொண்டிருந்தது.

"இருபது பேர் இருந்தாத்தான் மையம் நடக்கும்னா. ஒரு ஆள் குறையுதுன்னு அழுதா. தங்கச்சியாச்சே... சரி சரின்னேன்" என்றான். "உன் கையெழுத்தைப் போட எனக்கு மனசு வரலை. அதனாலதான் கைநாட்டு."

"ஆகா, என்ன நல்ல மனசு! ஆறு மாசமா எனக்குப் பதிலா நீ கைநாட்டு வச்சிருக்க. எட்டு வருஷம் நடந்து நடந்து படிச்சேன் நான். நீ ஒரு விரலை மையில தொட்டு அழிச்சிட்ட!"

சரிசரி தலையைக் குனிந்துகொண்டான். அவனைத் திட்டி என்ன பிரயோஜனம்? களிமண்ணைத் திட்டினாலும் ஒன்றுதான். அவள் சுவரைச் சுற்றிக்கொண்டு போய், ஏழு வருஷத்துக்குப் பிறகு முதல்முறையாக நாத்தனாரின் வாசலில் நின்றாள்.

"ஏய், டீச்சரம்மா! வெளியே வா."

நாத்தனார் ஈரக்கையோடு வந்தாள். விஷயம் தெரிந்துவிட்டது என்று புரிந்துகொண்டாள். முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

"நான் தற்குறியா? சொல்லு. நான் தற்குறியா?"

"பேப்பர்லதான அண்ணி."

"உலகமே பேப்பர்லதான்டி நடக்குது! காப்பக வேலை போகப்போகுது எனக்கு. முதல்ல என் சான்றிதழைக் கரைச்ச, இப்ப என்னையே கரைச்சிட்ட. நாளைக்கே அங்க போய் நீ பொய்யா பேர் சேர்த்தேன்னு எழுதிக் கொடு."

"எழுதிக் கொடுத்தா மையத்தை மூடிருவாங்க. பத்தொன்பது பேர் நிஜமாவே படிக்கிறாங்க. போய்ப் பரீட்சை எழுதுங்க. பத்து நிமிஷ வேலை உங்களுக்கு. சான்றிதழ் கையில வந்துரும். மத்தவங்ககிட்ட நான் சொல்லிக்கிறேன், யாரும் வாயைத் திறக்க மாட்டாங்க. யாருக்கு என்ன நஷ்டம்?"

"உன் கையால எழுத்துப் படிச்சவன்னு ஊருக்குள்ள நான் சான்றிதழ் வாங்கணும். அதானே?"

நாத்தனார் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "உங்களுக்கு வேலை வேணுமா, வீம்பு வேணுமா? முடிவு பண்ணிக்கோங்க" என்றாள். கதவு சாத்திக்கொண்டது. ஓங்கிச் சாத்தியிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும், மெதுவாகச் சாத்தினாள் பாவி.

இரண்டு நாள் எட்டாங்கிளாஸ் தனக்குள் பொருமினாள். கடைசியில் இடுப்பு ஜெயித்தது. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு ஒரு கிரேடைக் கவிழ்த்துப் போட்டு, சல்லடைக்காரிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"வா எட்டாங்கிளாஸு" என்று சல்லடைக்காரி தன்னால் முடிந்த அளவுக்கு ரகசியமாகச் சொன்னாள். கொட்டகையின் கடைசி மூலை வரை அது கேட்டது. "பாத்து எழுது. பதட்டப்படாத."

"எனக்கெதுக்கு பதட்டம்?" என்று எட்டாங்கிளாஸ் பல்லைக் கடித்தாள்.

பரீட்சை அதிகாரி வந்தார். மெலிந்த மனுஷர், மண் படாமல் காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்தார். நாத்தனார் பவ்யமாக நாற்காலி போட்டாள். எதிரே வைத்து எழுத ஆளுக்கொரு பலகையும் தாளும் கொடுத்தார்கள். பேர் எழுது, ஊர் எழுது, கோடிட்ட இடத்தை நிரப்பு. எட்டாங்கிளாஸ் வேண்டுமென்றே மெதுவாக எழுதினாள். சீக்கிரம் முடித்தால் சந்தேகம் வருமே. பக்கத்தில் சல்லடைக்காரி நாக்கைத் துருத்திக்கொண்டு, பென்சில் முனை முறிகிற அளவுக்கு அழுத்தி எழுதிக்கொண்டிருந்தாள்.

எல்லாம் நல்லபடியாகத்தான் போனது, கடைசிக் கேள்வி வரைக்கும். 'உங்களுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தவரைப் பற்றி ஐந்து வரி எழுதுக.'

எட்டாங்கிளாஸ் நிமிர்ந்து பார்த்தாள். நாத்தனார் கரும்பலகைக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றுகொண்டிருந்தாள். அவள் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு இருந்ததா? இருந்தது என்றுதான் எட்டாங்கிளாஸ் கடைசிவரைக்கும் சாதித்தாள். அவ்வளவுதான், ஏழு வருஷமும் ஒன்றாகப் பொங்கிவிட்டது. எழுதித் தொலைக்கிறேன், அலுவலகத்தில் போய்ப் படிக்கட்டும், எனக்கு எழுதத் தெரியும் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேறு என்ன வேண்டும், இவளுக்கும் வேட்டு வைத்த மாதிரி ஆச்சு என்று ஒரு கணக்குப் போட்டாள். அச்சடித்த மாதிரி குண்டு குண்டான எழுத்தில் ஐந்து வரியையும் ஒரே மூச்சில் எழுதினாள். பென்சிலைக் கீழே வைத்தபோது மனசுக்கு அப்படி ஒரு நிம்மதி.

நிம்மதி ஐந்து நிமிஷம்கூட நிற்கவில்லை.

"எழுதியாச்சா? தாளைக் கையிலயே வச்சிருங்க" என்றார் அதிகாரி. "கடைசிப் பதிலை ஒவ்வொருத்தரா வாசிச்சுக் காட்டணும், அதுக்கு மார்க்கும் இங்கயே போட்டுருவேன், அலுவலகத்துல மறுபடி படிக்க மாட்டாங்க. வேற ஒரு மையத்துல ஆள்மாறாட்டம் நடந்துருச்சு. இனிமே ஒரு பேர் பொய்ன்னு தெரிஞ்சாலும் மொத்த மையத்துக்கும் பரீட்சை ரத்து. யாருக்கும் சான்றிதழ் கிடையாது. மையத்தையும் மூடச் சொல்லி உத்தரவு."

எட்டாங்கிளாஸின் கணக்கு அங்கேயே தப்பிப்போனது. யாருக்கும் கிடையாது என்றால் அவளுக்கும் கிடையாது. செவ்வாய்க்கிழமை கடைசி நாள். தாளைக் கசக்கிவிடலாமா என்று பார்த்தாள், அதிகாரி எதிரிலேயே நின்றார். ஒவ்வொருத்தியாக வாசித்தார்கள். ஒருத்தி, 'எங்க டீச்சர் கோவப்படாது' என்று வாசித்தாள். இன்னொருத்தி தன் பேரை மட்டும் ஐந்து தரம் எழுதியிருந்தாள். சல்லடைக்காரி விரல் வைத்து, 'எனக்குக் கண் இருந்துச்சு, டீச்சர் வந்து தொறந்து விட்டுச்சு' என்று வாசித்து முடித்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டாள். அடுத்தது எட்டாங்கிளாஸ்.

தாளை எதிரே இருந்த பலகையில் வைத்துக்கொண்டாள். எழுதியது ஒன்று, வாசிக்க வேண்டியது ஒன்று. இந்த வார்த்தைகளைத் தன் வாய் சொல்லும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. சொன்னாள்.

"எனக்கு எழுத்து சொல்லிக் கொடுத்தவர் இந்த மையத்து ஆசிரியை. ஆறு மாசத்துக்கு முன்னாடி எனக்கு... என் பேரைக்கூட எழுதத் தெரியாது."

கரும்பலகைப் பக்கம் நாத்தனாரின் கட்டியிருந்த கை தளர்ந்தது. அதிகாரி தலையை ஆட்டினார். இன்னும் மூன்று வரி. ஒப்பேற்றிவிடலாம்.

"ஏய், ஏய், இரு!" என்றாள் சல்லடைக்காரி.

அவள் விரல் ஏற்கெனவே பக்கத்துப் பலகைக்கு வந்துவிட்டது. எழுத்தைப் பார்த்தால் சும்மா இருக்கிற விரலா அது? அவள் முகம் சந்தோஷத்தில் விரிந்தது. "தப்பாப் படிக்கிற எட்டாங்கிளாஸு! சார், தப்பாப் படிக்குது சார்! அதுல அப்படி இல்லை!"

"அக்கா, விரலை எடு" என்றாள் எட்டாங்கிளாஸ்.

"அதெப்படி எடுப்பேன்? ஆறு மாசமா என்னை நக்கல் பண்ணுனியே! எனக்கே தெரியுது, உனக்குத் தெரியலையா?"

"நீங்க படிங்கம்மா" என்றார் அதிகாரி.

எட்டாங்கிளாஸ் தாளை இழுக்கப் பார்த்தாள். சல்லடைக்காரியின் கை கிழங்கு மூட்டை இழுத்துப் பழகிய கை. தாள் அசையவில்லை.

"எ...ன...க்...கு... எனக்கு. எ...ழு...த்...து... எழுத்து. சொல்...லிக் கொ...டு...த்...த...து... இந்த மை...ய...த்...து... ஆ...சி...ரி...யை... இல்...லை. இல்லை! பாத்தியா, 'இல்லை'ன்னு இருக்கு, அதை நீ விட்டுட்ட!"

கொட்டகையில் எல்லார் தலையும் நாத்தனார் பக்கம் திரும்பியது. சல்லடைக்காரிக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. அவள் எழுத்துக்குள் இறங்கிவிட்டாள். எட்டாம் வகுப்பைக் கூட்டினாள், மழையில் நனைந்த சான்றிதழைக் கூட்டினாள், ஒவ்வொரு வரி முடிவிலும் ஜெயித்த சந்தோஷத்தில் ஒரு தரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு அடுத்த வரிக்கு விரலை நகர்த்தினாள்.

"இந்தப் ப...ட்...டி...ய...லி...ல்... என் பே...ரைப் பொய்...யா...கச்... சேர்...த்...த...து...ம்... அ...வள்...தான். அதில் இரு...க்...கி...ற... கை...நாட்...டு... என்...னு...டை...ய...து... இல்லை."

விரல் நின்றது. அர்த்தம் அப்போதுதான் வந்து சேர்ந்தது. அவள் வாய் திறந்தபடியே இருந்தது. இந்தத் தடவை 'அடேயப்பா' வரவில்லை.

அதிகாரி எட்டாங்கிளாஸைப் பார்த்தார். பிறகு, தாளைப் பார்க்க விரும்பாதவர் மாதிரி நாத்தனார் பக்கம் திரும்பினார். "இது என்னம்மா? இந்த அம்மா வாசிச்சது ஒன்னு, அந்த அம்மா வாசிச்சது ஒன்னு. யாரு படிச்சது சரி? பக்கத்துல இருக்கறவங்களுக்குப் படிக்கத் தெரியலை, ஏதோ உளறுறாங்கன்னா சொல்லுங்க. அவங்களை ஃபெயில்னு போட்டுட்டு மேலே போறேன்."

எட்டாங்கிளாஸுக்கு உயிர் வந்தது. தப்பிக்க வழி திறந்துவிட்டது! சொல்லு, தப்பாப் படிச்சான்னு சொல்லு, உன் பதவியும் தப்பிக்கும், என் வேலையும் தப்பிக்கும். ஏழு வருஷத்தில் முதல்முறையாக அவளும் நாத்தனாரும் ஒரே பக்கம். கண்ணாலேயே கெஞ்சினாள்.

நாத்தனார் அவளைப் பார்க்கவே இல்லை. சல்லடைக்காரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சல்லடைக்காரி இன்னும் விரலை எடுக்காமல், அடி வாங்கப்போகிறவள் மாதிரி டீச்சரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு எழுத்துகூடத் தப்பில்லை சார்" என்றாள் நாத்தனார். "அவங்க படிச்சதுதான் சரி."

"யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"சரியாப் படிச்சாங்க சார்."

அதற்கு மேல் அதிகாரி நாற்காலியில் உட்காரக்கூட இல்லை. இருபது தாளையும் வாங்கிக் கட்டினார், வருகை ஏட்டை வாங்கிப் பையில் வைத்தார். பொம்பளைகளில் ஒருத்தி அழ ஆரம்பித்தாள், இன்னொருத்தி எட்டாங்கிளாஸின் முகத்துக்கு நேராகவே, "நீயெல்லாம் நல்லா இருப்பியா?" என்றாள். சல்லடைக்காரி மட்டும் டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்ப நான் பாஸா? நான் தப்புப் பண்ணிட்டனா? பாஸா, தப்பா, சொல்லு டீச்சர்" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"பாஸ்" என்றாள் நாத்தனார். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் உடைந்தது.

வெளியே குழாயடியில் எட்டாங்கிளாஸ் அவளை மறித்துக்கொண்டு நின்றாள். ஆத்திரத்தில் அவளுக்கு மூச்சு வாங்கியது. "தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லிருந்தா என்னடி? உன் வாய் தேஞ்சா போயிரும்? ஆறு மாசமா பொய் ஏட்டுல எழுதுனவளுக்கு இன்னைக்கு என்ன திடீர் யோக்கியம்? உனக்கும் போச்சு, எனக்கும் போச்சு!"

"எழுதுனது நீங்க" என்றாள் நாத்தனார். "உங்களுக்காக நான் எத்தனை பொய் வேணா சொல்லிருப்பேன் அண்ணி. சரியாப் படிச்சவளை எப்படி நான் தப்புன்னு சொல்வேன்?"

எட்டாங்கிளாஸ் மறித்த வழியை விட்டு ஒதுங்கினாள்.

கொட்டகை வாசலில் அதிகாரி சாக்பீஸால் கதவில் ஏதோ எழுதிவிட்டுத் தன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார். புழுதி அடங்குவதற்குள் சல்லடைக்காரி கதவிடம் போய் நின்றுவிட்டாள். விரல் மேலே போனது. பெரிய பெரிய எழுத்து, குழாயடியிலிருந்தே எட்டாங்கிளாஸுக்கு ஒரே பார்வையில் தெரிந்தது. வழக்கமாக அவள்தானே முந்திக்கொண்டு கத்துகிறவள். இன்றைக்கு உதட்டை இறுகக் கடித்துக்கொண்டு நின்றாள். நாத்தனாரும் நகரவில்லை.

"இ...ந்...த... இந்த. மை...ய...ம்... மையம்" என்று ஊர் கேட்கப் படித்தாள் சல்லடைக்காரி. "இ...ன்...று... மு...த...ல்... இன்று முதல். மூ...ட...ப்...ப..."

திரும்பி டீச்சரைப் பார்த்தாள், சரியாகப் படிக்கிறோமா என்று. நாத்தனார் சரி என்று தலையாட்டினாள். சல்லடைக்காரி விரலை அடுத்த எழுத்துக்கு நகர்த்தினாள்.